களக்காட்டு மலை முகட்டில் ஒரு பகல்

திருநெல்வேலி மாவட்டத்தில், களக்காட்டுப் பக்கம் யாரிடமாவது மழை வருமா என்று கேட்டால் முதலில் மேற்கே திரும்புவார்கள். மலை உச்சி துலக்கமாகத் தெரிந்தால் ஒரு பதில், மேகம் இறங்கி உச்சியை மூடியிருந்தால் வேறு பதில். எங்கள் அப்பாவின் வாழைத் தோட்டம் பச்சையாற்றுப் பாசனத்தில் இருக்கிறது. காலையில் பல் தேய்த்துக்கொண்டே மலையை ஒரு தடவை பார்ப்பார். ஏத்தன் வாழைக்குத் தண்ணீர் விடுவதா, நாளைக்குப் பார்த்துக்கொள்வதா என்பது அங்கேயே முடிவாகிவிடும். சின்ன வயதிலிருந்து கீழே நின்று பார்த்த அந்த மலையின் முகட்டில், பொங்கல் கழிந்த வாரம், ஒரு பகல் முழுக்க நடக்கக் கிடைத்தது. நானும் தம்பியும், கல்லூரியில் படிக்கும் என் மகளும் போனோம்.

போக நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நினைத்த அன்றைக்குக் கிளம்பிப் போக முடியாது, இது புலிகள் காப்பகம். முண்டந்துறை 1962-இல் சரணாலயமானது. சிங்கவால் குரங்குகளுக்காகவே களக்காட்டுச் சரணாலயத்தை 1976-இல் அறிவித்தார்கள். 1988-இல் இரண்டையும் சேர்த்துத் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். வனத்துறையிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, அனுமதி கிடைத்த பிறகு, அவர்கள் அனுப்பும் ஆளோடுதான் நடக்க வேண்டும். 2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் இறந்துபோனதற்குப் பிறகு விதிகள் இன்னும் இறுகிவிட்டன. இந்தக் கெடுபிடி இருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். எல்லாரும் வண்டியை எடுத்துக்கொண்டு ஏறினால் அங்கே என்ன மிஞ்சும் என்பதைக் குற்றாலத்தில் சீசன் முடிந்த மறுநாள் போய்ப் பார்த்தாலே தெரியும்.

தலையணை சோதனைச்சாவடியில் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். எங்களிடம் பிளாஸ்டிக் எதுவும் இல்லை. எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர், வாழையிலையில் கட்டிய புளிச்சோறு, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, ஒரு பொட்டலம் கல்லுப்பு. உப்பு அட்டைப்பூச்சிக்கு. அங்கிருந்து ஜீப்பில் ஏறினோம். கீழே உடைமரமும் முள்ளும்தான். வளைவுகள் ஏற ஏற மரங்கள் உயர்ந்து, ஒரு கட்டத்தில் சாலையில் வெயிலே விழவில்லை. ஜீப் போய் நின்ற செங்கல்தேரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 மீட்டர் உயரம். பழைய வனத்துறை பங்களாவும் பக்கத்தில் ஓடையும் இருக்கின்றன. தம்பி அந்தத் தண்ணீரில் முகம் கழுவிவிட்டு, "எக்கா, ஃபிரிட்ஜ் தண்ணி தோத்துரும்" என்றான்.

எங்களோடு வந்தவர் வேட்டைத் தடுப்புக் காவலர். ஐம்பதைத் தாண்டியிருக்கும். மலையடிவாரத்து ஊர்க்காரர். நான் அண்ணாச்சி என்று கூப்பிட, அவர் என்னைத் தாயி என்றார். பேச்சு குறைவு. காட்டுக்குள் நுழையும்முன் இரண்டே சொன்னார்: "சத்தம் போடப்பிடாது. நான் நின்னா நீங்களும் நின்னுரணும்."

முதல் ஒரு மணி நேரம் சோலைக்காட்டுக்குள் ஏற்றம். வெளியே நல்ல வெயில் அடிக்கிறது என்பது உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. தலைக்கு மேலே எங்கோ கருமந்திகள் ஊங்காரமிட்டு ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டிருந்தன. ஆள் கண்ணில் படவில்லை. சிங்கவால் குரங்கும் படவில்லை. அது பெரும்பாலும் மரத்தின் உச்சிக் கிளைகளிலேயே வாழ்கிற பிராணி, அதிர்ஷ்டம் இருந்தால்தான் காணலாம். ஓடைக்கரையில், மெல்லிய மூங்கில் போன்ற ஈத்தைக்காட்டில் புதிதாக முறிந்த தண்டுகள் கிடந்தன. அண்ணாச்சி நின்றார், நாங்களும் நின்றோம். பக்கத்தில் கிடந்த யானைச் சாணத்தைக் குனிந்து பார்த்து, புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார். "நேத்து ராத்திரி. இறங்கிப் போயிட்டு." அப்புறம்தான் நடந்தார். இதற்குள் மகளின் கணுக்காலில் அட்டை ஏறிவிட்டது. தை மாதம் அட்டை குறைவு என்றார்கள். ஆனால் சோலைக்குள் ஈரம் காய்வதே இல்லையே. உப்பைத் தேய்த்ததும் சுருண்டு விழுந்தது.

மரங்கள் சட்டென்று முடிந்தன. அடுத்த காலடி புல்வெளியில். இப்படி ஒரு எல்லை இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. பின்னால் இருட்டுக் காடு, முன்னால் இடுப்பளவு புல், நடுவே குட்டை ஈச்சம்புதர்கள், அதற்கு மேல் வெறும் வானமும் காற்றும். மலையின் முதுகு மேலேயே பாதை போகிறது. சில இடங்களில் அது ஒரு ஆள் நடக்கிற அகலம்தான்.

கிழக்கே திரும்பினால் எங்கள் ஊர் முழுக்கக் கீழே. வரிசையாகக் குளங்கள், அவற்றைச் சுற்றி வாழையும் நெல்லும் பச்சைத் திட்டுகளாக. அதைத் தாண்டி பழுப்பு நிலம், தென்கிழக்கில் வள்ளியூர், பணகுடிப் பக்கத்துக் காற்றாலைகள். அடிவானத்தில் ஒரு வெளிர்கோடு தெரிந்தது. மகள் கடல் என்றாள், தம்பி மேகம் என்றான். தெற்கே திருக்குறுங்குடி நம்பி மலையும் அதற்கு அப்பால் மகேந்திரகிரியும் (1645 மீட்டர்). அதன் அடிவாரத்தில்தான் இஸ்ரோவின் ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கிறார்கள். மேற்கே ஊரே இல்லை. மடிப்பு மடிப்பாகக் காடு, மடிப்புகளுக்கு இடையில் மேகம். வடமேற்கில் மேகம் விலகிய கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சி கையை நீட்டிக் கும்பிட்டார். அகத்தியர் மலை, 1868 மீட்டர். தாமிரபரணி அந்தப் பொதிகையில்தான் பிறக்கிறது.

அந்த இடத்தில் நாங்கள் நெடுநேரம் நின்றோம். பள்ளிக்கூடத்தில் படித்த பருவக்காற்றுப் பாடம் அங்கே கண்ணெதிரே கிடந்தது. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று அரபிக்கடல் ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்து இந்த மலைத்தொடரில் மோதி, மேற்குச் சரிவில் கொட்டித் தீர்க்கிறது. முகட்டைத் தாண்டி வருகிற மிச்சம்தான் நமக்குச் சாரல். மலை தாழ்ந்திருக்கும் செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் அந்தக் காற்று பிய்த்துக்கொண்டு வருவதால்தான் அங்கே காற்றாலைகள். ஐப்பசி, கார்த்திகையில் காற்று திசை மாறி வங்காள விரிகுடா ஈரம் வந்து கிழக்குச் சரிவில் பெய்கிறது. இரண்டு பருவத்தையும் வாங்கி வைத்துக்கொள்வதால்தான் தாமிரபரணி வற்றாத ஆறு. கார், பிசானம் என்று இரண்டு போகம் நாம் பேசுவதும் அதனால்தான். கார் நெல் அந்தப் பக்கத்து மழையை நம்பி, பிசானம் இந்தப் பக்கத்து மழையை நம்பி.

மழை எந்தச் சரிவில் விழுகிறது என்பதை வைத்து அது போய்ச் சேரும் கடலே மாறிவிடுகிறது. இந்தப் பக்கம் விழுந்தால் பச்சையாறு, தருவைப் பக்கம் தாமிரபரணி, கடைசியில் புன்னைக்காயல், மன்னார் வளைகுடா. மேற்கே கடைசி முகட்டுக்கு அப்பால் விழுந்தால் கோதையாறு, பேச்சிப்பாறை அணை, குமரி மாவட்டத்து வயல்கள், கடைசியில் தேங்காய்ப்பட்டணத்தில் அரபிக்கடல். நம் ஊரில் பேப்பரை விரித்ததும் பாபநாசம் அணையில் 143 அடிக்கு எத்தனை, மணிமுத்தாறு அணையில் 118 அடிக்கு எத்தனை என்று பார்க்கிற பழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. அந்தக் கணக்கெல்லாம் இங்கே, இந்தப் புல்லிலும் சோலையிலும் தொடங்குகிறது.

இதை அண்ணாச்சி வாயால் சொல்லவில்லை, கையால் காட்டினார். முகட்டில் புல்வெளி கொஞ்சம் பள்ளமாகிச் சோலை தொடங்கும் ஒரு இடத்தில் உட்கார்ந்தார். "தாயி, இங்கன கையை வையி" என்றார். மேலே காய்ந்த இலைகள். விரல் அவற்றைத் தாண்டியதும் பாதி மக்கிய இலை, அதற்குக் கீழே கறுப்பு மண், மண் முழுக்க முடி அளவு வேர்கள். மழை பெய்து நாட்களாகியிருந்தும் ஈரத் துணியைப் பிழிந்தது போல உள்ளங்கையெல்லாம் நீர். நாலடி கீழே, பாசி படிந்த ஒரு பாறை இடுக்கில் உள்ளங்கை அகலத்துக்கு ஊற்றுக்கண். அதிலிருந்து சுண்டுவிரல் கனத்துக்குத் தண்ணீர் கசிந்து, பாசியின் நுனி நுனியாகச் சொட்டி, ஒரு சின்னக் குழியில் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. குழியின் அடியில் மணல் மட்டும் மெல்லக் கிளறியபடி இருந்தது. ஓரத்துச் சகதியில் மிளா மானின் குளம்படி. "சித்திரையிலயும் இது நிக்காது. இப்படி இந்த மலையில எத்தனையோ கெடக்கு" என்றார். பச்சையாறு என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது இப்படிப்பட்ட கசிவுகளெல்லாம் சேர்ந்துதான். புல்லும் சோலையும் இல்லாத மொட்டைப் பாறையாக இருந்தால் ஐப்பசி மழை ஐப்பசியிலேயே ஓடிப் போயிருக்கும். அப்பா வாழை நட்டிருக்கவே மாட்டார்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நெல்லையில் யாரும் மறக்க முடியாது. ஜங்ஷன் பேருந்து நிலையம் தண்ணீரில் நின்றது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படி ஒரு மழையை எந்தக் காடும் முழுதாகத் தாங்கிப் பிடிக்க முடியாது. ஆனால் தாங்குகிற அளவையாவது தாங்க மேலே இந்த மண் இருக்க வேண்டும். உள்ளங்கையில் அந்த ஈரத்தோடு நான் நினைத்தது இதைத்தான்.

சாப்பாடு ஒரு பாறை நிழலில். காற்று இலையைத் தூக்கியது, கல் வைத்துச் சாப்பிட்டோம். அண்ணாச்சி எங்கள் புளிச்சோற்றை வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக் கருவாட்டுத் துவையலைக் கொடுத்தார். அதன் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. அப்போதுதான் மகள் எதிர்ச் சரிவின் செங்குத்துப் பாறையில் ஏதோ அசைவதைப் பார்த்தாள். வரையாடுகள். குட்டிகளும் இருந்தன. கால் வைக்க இடமே இல்லை என்று நமக்குத் தோன்றும் பாறையில் அவை மேய்ந்துகொண்டே நகர்ந்தன. மாநில விலங்கு என்று புத்தகத்தில் பார்த்ததை அவள் நேரில் பார்த்து, சத்தம் போடக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

இறக்கம் வந்த வழியேதான். முட்டி கொஞ்சம் வலித்தது, அவ்வளவுதான்.

ஜீப்புக்குக் காத்திருக்கும்போது அண்ணாச்சியிடம் மாசி, பங்குனியில் என்ன வேலை என்று கேட்டேன். புல் காய்ந்துவிடும், அதற்கு முன்னால் முகடு நெடுக தீத்தடுப்புக் கோடு வெட்டுவார்களாம். புல்லை அகலமாக அரிந்து, தீ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவாமல் செய்வது. அதையும் மீறிப் பிடித்தால் பச்சைக் கிளைகளை ஒடித்து அடித்து அணைப்பார்கள். அந்த நேரத்தில் தண்ணீர் வண்டி ஏற முடியாத இடம் அது. அவர் இந்த வேலைக்கு வந்து வருடங்கள் ஓடிவிட்டன, இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. மழை, யானை, அட்டை, தீ எல்லாம் பார்த்த மனிதர் இதைச் சொல்லும்போது மட்டும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். ஆற்றுத் தண்ணீரில் வயல் வைத்திருக்கிற நாம் இந்த ஆட்களுக்காகக் குரல் கொடுக்க வேண்டும். அணையில் மதகைத் திறக்கச் சொல்லி மனுக் கொடுக்கும்போது, அதே மனுவில் இவர்கள் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லியும் இரண்டு வரி எழுதலாம். எங்கள் பாசனச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசச் சொல்லி அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். சரி என்றிருக்கிறார்.