பழைய டெஸ்க்டாப்பில் சாட் சர்வர்: எங்கள் பிரஸ் அனுபவம்

நான் வேலை பார்க்கும் பிரஸ் ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. மாடியில் டிசைன், கீழே ஆஃப்செட் மெஷின். கல்யாணப் பத்திரிகை, பில் புக், நோட்டீஸ், ஆடி வந்தால் கோயில் திருவிழா போஸ்டர். எந்த ப்ரூஃப் ஓகே ஆனது, எந்த ஃபைல் பிளேட்டுக்குப் போக வேண்டும், யார் கடைசியாகத் திருத்தம் சொன்னார் என்பதெல்லாம் அவரவர் சொந்த போனில், ஏழெட்டு குரூப்களில் சிதறிக் கிடந்தது. படத்தை அனுப்பினால் சுருங்கிப் போகும், வேலையை விட்டுப் போனவர் இன்னும் குரூப்பில் இருப்பார், கஸ்டமரோடு தகராறு வந்தால் பழைய மெசேஜைத் தேடி எடுப்பதற்குள் விடிந்துவிடும். "நம்ம ஆபீசுக்குள்ளயே ஒண்ணு வெச்சுக்க முடியாதா தம்பி?" என்று முதலாளி கேட்டார். மூலையில் சும்மா கிடந்த பழைய ஐ3 டெஸ்க்டாப்பைக் காட்டி, இதையே சாட் சர்வர், அதாவது நம் மெசேஜ் எல்லாம் வந்து சேரும் கம்ப்யூட்டர், ஆக்கிவிடலாம் சார் என்றேன்.

இதே மாதிரி யோசிப்பவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மென்பொருளை நிறுவ ஒரு சாயங்காலம் போதும். அதற்கப்புறம் வந்த தொல்லைகளில் முக்கால்வாசி அந்த டெஸ்க்டாப், கரண்ட், நெட் லைன், மனிதர்கள் இவற்றால் வந்தவை. சாட் மென்பொருள் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

எதை நிறுவுவது என்று கொஞ்சம் அலசினேன். பிரவுசரிலேயே எல்லாம் நடக்கும் நவீன சர்வர்கள் பார்க்க அழகுதான், ஆனால் 4 ஜிபி மெமரியை வைத்துக்கொண்டு அவற்றை ஓட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. கடைசியில் எக்ஸ்எம்பிபி பக்கம் வந்தேன், சாட் மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான பொது விதிமுறை அது. 1999-இல் ஜெரமி மில்லர் 'ஜாபர்' என்ற பெயரில் தொடங்கியது, 2004-இல் இணையத் தரமாக வெளிவந்து 2011-இல் புதுப்பிக்கப்பட்டது. பழைய கூகுள் டாக் இதில்தான் ஓடியது. இதற்கான சர்வர்களில் மூன்று எனக்குத் தெரியும். ஓப்பன்ஃபயர் ஜாவாவில் எழுதப்பட்டது, 9090 போர்ட்டில் (போர்ட் என்பது கம்ப்யூட்டருக்குள் நுழைய எண்ணிட்ட வாசல்) பிரவுசர் வழியாகவே எல்லாவற்றையும் அமைத்துக்கொள்ளலாம், கமாண்ட் லைன் என்றால் பயப்படுபவர்களுக்கு அதுதான் சரி. ஈஜாபர்டி எர்லாங்கில் எழுதப்பட்டது, வாட்ஸ்அப்பே தொடக்கத்தில் அதை வைத்துத்தான் கட்டப்பட்டது. எங்கள் சின்ன பிரஸ்ஸுக்கு அவ்வளவு வேண்டாம். நான் எடுத்தது ப்ராசடி. லுவாவில் எழுதப்பட்டது, அமைப்புகளை எழுத ஒரே ஒரு கான்ஃபிக் ஃபைல், எங்கள் மெஷினில் அது 100 எம்பி மெமரியைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

டெஸ்க்டாப்பில் டெபியன் 12 என்ற லினக்ஸைப் போட்டேன், அதோடு வருவது ப்ராசடி 0.12. கான்ஃபிக் ஃபைலில் முதலில் பார்க்க வேண்டியது, யார் வேண்டுமானாலும் கணக்கு தொடங்கலாம் என்ற வசதி மூடியிருக்கிறதா என்பது. வெளியுலகத்துக்குத் திறந்த சர்வரில் அது திறந்திருந்தால் ஸ்பாம் அனுப்பும் தானியங்கி நிரல்கள் வந்து குடியேறிவிடும். எங்களுக்கு வேறு சர்வர்களோடு பேச வேண்டிய தேவை இல்லை, அதனால் சர்வருக்கும் சர்வருக்கும் இடையிலான 5269 போர்ட் பக்கத்தையும் அணைத்துவிட்டேன். ஆட்கள் இணைய 5222, ஃபைல் ஏற்ற 5281, இரண்டு மட்டும் திறந்திருக்கின்றன. கணக்குகளை நானே கமாண்டில் உருவாக்கி, பாஸ்வேர்டைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தேன். பிரஸ்ஸில் துண்டுச்சீட்டுக்குப் பஞ்சமா என்ன.

குரூப் அறைகளை அமைக்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நிரந்தரம் என்று குறிக்காத அறை, கடைசி ஆள் வெளியேறியதும் மறைந்துவிடும். ராத்திரி எல்லாரும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போனால் காலையில் 'ப்ரூஃப்' அறையே இருக்காது. அதனால் புதிதாகத் தொடங்கும் எந்த அறையும் நிரந்தரமாகவே இருக்கும்படி கான்ஃபிக்கில் எழுதி, அறைகளுக்கென்று தனியாக உள்ள பழைய செய்திச் சேமிப்பு மாட்யூலையும் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) சேர்த்தேன். செய்திகள் எத்தனை நாள் இருக்க வேண்டும் என்பதற்கு ஃபைலில் எழுதி வருவது ஒரு வாரம். எங்கள் தொழிலில் பில் பாக்கியே மூன்று மாதம் இழுக்கும்போது ஒரு வாரம் எந்த மூலைக்கு? ஒரு வருஷம் ஆக்கினேன், அதோடு சேமிப்பை எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸுக்கு மாற்றினேன். ஃபைல் பகிர்வுக்கான இயல்பான உச்சவரம்பு 10 எம்பி, அதையும் ஒரு வாரத்தில் அழித்துவிடும். நாலு கலர் பிடிஎஃப் ஒன்றே அதைத் தாண்டும் என்பதால் இரண்டையும் கூட்டினேன். யார் யாரை லிஸ்ட்டில் சேர்ப்பது என்ற வேலையே வேண்டாம், எல்லாருக்கும் எல்லாரும் தெரிய ஒரு குரூப்ஸ் மாட்யூல் இருக்கிறது, ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் பெயர்களை எழுதினால் போதும்.

மெசேஜ் பார்க்கும் ஆப், கம்ப்யூட்டர்களில் காஜிம், ஆண்ட்ராய்டு போன்களில் கான்வர்சேஷன்ஸ். போனில் போட்டதும் பேட்டரி ஆப்டிமைசேஷனிலிருந்து அந்த ஆப்புக்கு விலக்கு கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் சில போன்கள் அதைத் தூங்க வைத்துவிட்டு மெசேஜை மதியம் காட்டும்.

மறையாக்கம் பற்றிக் கேட்பீர்கள். அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி செய்தியைப் பூட்டும் ஓமீமோ இருக்கிறது, நல்ல விஷயம்தான், ஆனால் ஆபீஸ் அறைகளில் நான் வேண்டாம் என்றே வைத்தேன். ஓமீமோவில் புதிய போன் மாற்றினால் பழைய செய்திகளை அந்த போனில் படிக்க முடியாது, சர்வரில் பத்திரமாக இருப்பதும் பூட்டிய பெட்டிதான். நாங்கள் சர்வர் வைத்ததே பழையதைத் தேடி எடுக்கத்தான். சர்வர் எங்கள் கட்டடத்திலேயே இருக்கிறது, போகிற வழியில் செய்தியைப் பூட்டிவைக்க டிஎல்எஸ் இருக்கிறது, எங்களுக்கு அது போதும்.

அப்புறம் பாமினி. எங்கள் டிசைனர்கள் பேஜ்மேக்கர் காலத்து ஆட்கள், கை பழகியது பாமினி ஃபான்ட்டில். யூனிகோடுக்கு முந்தையது அது, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருக்கும். பத்திரிகை வாசகத்தை அப்படியே காப்பி எடுத்து சாட்டில் ஒட்டினால் அந்தப் பக்கம் வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். கீழேயிருந்து மெஷின் அண்ணன், "இன்னா தம்பி, உன் சர்வர் புட்டுக்கிச்சா?" என்று குரல் கொடுப்பார். சர்வருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் எடுபடவில்லை. என்எச்எம் கன்வெர்ட்டரில் யூனிகோடாக மாற்றி ஒட்டுங்கள் என்று சுவரில் எழுதி ஒட்டினேன். சீனியர் டிசைனர் ஒருவர் இன்றைக்கும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துத்தான் அனுப்புகிறார், சரி போகட்டும்.

முதலாளிக்கு வீட்டிலிருந்தும் பார்க்க வேண்டும். ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தால் வெளிமுகவரி 100.70 என்று ஆரம்பித்தது. 100.64 முதல் 100.127 வரை உள்ள முகவரி என்றால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள் என்று அர்த்தம், அதாவது ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், வெளியிலிருந்து வருவதை சர்வருக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கை நீங்கள் என்னதான் செய்தாலும் வெளியிலிருந்து ஒருவரும் உள்ளே வர முடியாது. லைன்காரரிடம் பேசி, கூடுதல் பணம் கட்டி ஸ்டாட்டிக் ஐபி, அதாவது எங்களுக்கே எங்களுக்கான மாறாத பொது முகவரி, வாங்கினோம். வெளியிலிருந்து வேலை செய்தது, பிரஸ்ஸுக்குள் வைஃபையில் இருந்த போன்களில் வேலை செய்யவில்லை! உள்ளேயிருந்து தன் வெளிமுகவரிக்கே திரும்பி வரும் பாக்கெட்டை எங்கள் ரவுட்டருக்குக் கையாளத் தெரியாது. அதே டெஸ்க்டாப்பில் டிஎன்எஸ்மாஸ்க் (வெப்சைட் பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் வேலையைச் செய்யும் நிரல்) போட்டு, உள்ளே இருப்பவர்களுக்கு எங்கள் சர்வரின் பெயருக்கு உள்முகவரியைக் கொடுக்கலாம் என்பது எளிய வழி. ஆனால் அப்படிச் செய்தால் டெஸ்க்டாப் அணைந்தால் பிரஸ் முழுக்க எந்த வெப்சைட்டும் திறக்காது, கஸ்டமர் மெயில்கூட வராது, பழி முழுக்க என் தலையில். உள்முகவரியை ரவுட்டரிலேயே எழுதிவைக்கும் வசதியுள்ள வேறு ரவுட்டர் ஒன்றை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி மாட்டினேன்.

இது எங்கள் சர்வர்தான் என்று போன்களுக்குக் காட்டும் டிஎல்எஸ் சான்றிதழுக்கு, அதை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட். 80-ஆம் போர்ட்டைத் திறக்க மனமில்லாததால் டிஎன்எஸ் வழிச் சரிபார்ப்பு. சான்றிதழ் 90 நாளில் காலாவதி, செர்ட்பாட் என்ற நிரல் தானாகப் புதுப்பிக்கும். ஆனால் ப்ராசடி சான்றிதழின் நகலைத் தன் ஃபோல்டரில் வைத்துக்கொள்கிறது, புதுப்பித்த கையோடு அதை மறுபடி இறக்குமதி செய்யும் ஒரு வரியை செர்ட்பாட்டின் ஹுக்கில் எழுதாவிட்டால் பழைய நகலையே காட்டிக்கொண்டிருக்கும். காலாவதி ஆகப்போகிறது என்று முன்பெல்லாம் மெயில் வரும், 2025 ஜூனோடு அதையும் நிறுத்திவிட்டார்கள். 'ப்ராசடிசிடிஎல் செக்' என்று ஒரு கமாண்ட் இருக்கிறது, கான்ஃபிக், டிஎன்எஸ், சான்றிதழ் மூன்றையும் பார்த்துச் சொல்லிவிடும், மாதம் ஒருமுறை அதை ஓட்டுகிறேன்.

இனி கரண்ட் கதை. மிக்ஜாம் புயலில் எங்கள் தரைத்தளத்தில் தண்ணீர் நின்றது, அதனால் டெஸ்க்டாப்புக்கு இடம் முதல் மாடிதான், சுவரில் அடித்த இரும்பு ஸ்டாண்டில். மானிட்டர் கிடையாது, கீபோர்ட் கிடையாது. ஒரு சின்ன யூபிஎஸ், அதிலேயே ரவுட்டரும். கரண்ட் வந்தால் தானாக ஆன் ஆகும்படி பயாஸில் (மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை நிரல்) அமைத்து, தூக்க நிலைகள் எல்லாவற்றையும் டெபியனின் சிஸ்டம்டியில் மூடியிருந்தேன். கச்சிதமாக ஓடியது.

ஒரு சனிக்கிழமை மழையில் போன கரண்ட் ஞாயிறு ராத்திரிதான் வந்தது. திங்கள் காலை சர்வர் இல்லை. மானிட்டரைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டிப் பார்த்தால், கறுப்புத் திரையில் சிமாஸ் செக்சம் பிழை, தொடர எஃப்1 அழுத்தவும் என்று நிற்கிறது. கீபோர்டே இல்லாத மெஷின் யாரை அழுத்தச் சொல்கிறது? கரண்ட் இல்லாதபோதும் தேதியையும் பயாஸ் அமைப்பையும் காப்பாற்றும், மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரியான பேட்டரி செத்திருந்தது. பயாஸில் தேதி 2009 ஜனவரி 1, நான் வைத்த அமைப்பெல்லாம் போயிருந்தது. எஃப்1 அழுத்தி ஏற்றினேன்.

நெட் லைன் இன்னும் வரவில்லை. உள் வைஃபை மட்டும் இருந்தது, சாட் ஓடியது, எல்லாருக்கும் சந்தோஷம். இணையம் இல்லாதபோது டெபியன் தான் கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து கடிகாரத்தைத் தொடங்கும், அதாவது எங்கள் சர்வருக்கு அப்போது சனிக்கிழமை சாயங்காலம். அந்த நேரம் ஆன்லைனில் இருந்தவர்களுக்கு மெசேஜ் ஒழுங்காகத் தெரிந்தது. பத்து மணிக்கு வந்து காஜிமைத் திறந்த மெஷின் அண்ணனுக்கு, பழைய செய்திகளைச் சர்வரிலிருந்து எடுக்கும்போது, திங்கள் காலைத் திருத்தம் சனிக்கிழமை செய்திகளோடு போய் உட்கார்ந்திருந்தது. முகூர்த்த நேரம் மாற்றிய திருத்தம்! அவர் பார்க்கவில்லை. பழைய பிளேட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது டிசைனர் தற்செயலாகக் கீழே டீ குடிக்க வந்ததால் தப்பித்தோம்.

பேட்டரியின் பெயர் சிஆர்2032, எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும், ஒரு டீ பன் காசு. பழைய டெஸ்க்டாப்பை சர்வர் ஆக்குவதாக இருந்தால் எதையும் நிறுவும் முன் அதை மாற்றிவிடுங்கள். கூடவே மின்விசிறிகளையும் பாருங்கள், எங்களுடையதில் பேப்பர் தூசி அடைத்து மே மாதத்தில் விமானம் கிளம்புகிற சத்தம் போட்டது, இப்போது ப்ளோயரால் ஊதிவிடுகிறேன். மின்செலவைப் பற்றி முதலாளி கேட்டார். 50 வாட் என்று வைத்தால் மாதம் 36 யூனிட், மெஷின் ஓடும் பிரஸ்ஸில் அது கணக்கிலேயே வராது.

ஆட்கள் போவதும் வருவதும் இருக்கிறது. வேலையை விட்டவரின் கணக்கை உடனே அழிக்காதீர்கள், அழித்தால் அவரோடு சேர்த்து அவர் பெயரில் சேமித்த செய்திகளும் போகும். பாஸ்வேர்டை மாற்றி, ப்ராசடியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, அறைகளிலிருந்து நீக்கிவிட்டால் போதும், கணக்கு வழக்கு முடிந்தபின் அழிக்கலாம். பேக்கப் தினமும் ராத்திரி டிசைன் கம்ப்யூட்டர் ஒன்றுக்குப் போகிறது, கான்ஃபிக் ஃபோல்டரும் டேட்டா ஃபோல்டரும். அதை இன்னொரு மெஷினில் ஏற்றி, நிஜமாகவே திறக்கிறதா என்று பார்த்தும் வைத்திருக்கிறேன்.

பாக்கி இருப்பது முதலாளியின் ஐபோன். அதில் மோனல் என்ற சாட் ஆப்பைப் போட்டிருக்கிறேன், ஆனால் ஆப்பை மூடியிருக்கும்போதும் மெசேஜ் தட்டி எழுப்ப சர்வர் பக்கம் புஷ் அறிவிப்புக்கான மாட்யூல் வேண்டும். டெபியன் 13-க்கு மாறும்போது சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்திருக்கிறேன், அதுவரை அவர் போன் செய்து, "ஏதாச்சும் மெசேஜ் வந்துதா தம்பி?" என்று கேட்டுக்கொள்கிறார்.