பட்டை போட்ட கதை: டிரெய்லரோடு நாகலூர் வரை

பிக்கப்புக்கு ஸ்பிரிங் பட்டை (வண்டியின் எடையைத் தாங்கும் இரும்புத் தகடு) சேர்த்து, டிரெய்லரில் ஒரு ஜீப்பை மலைக்கு ஏற்றுகிற வேலை மூன்று மாதமாக இழுத்துக்கொண்டிருந்தது, போன ஞாயிற்றுக்கிழமைதான் ஒருவழியாக முடிந்தது, மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன். என்னிடம் இருப்பது பத்து வருடப் பழைய டபுள் கேபின் பிக்கப். மச்சானும் நானும் வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய ஜீப்பைப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறோம். எஞ்சின் ஏற்றியாச்சு, ஆனால் இன்னும் ஓடுகிற நிலையில் இல்லை. சேலம் வெயிலில் தகரக் கொட்டகைக்குள் இனிமேலும் வேலை பார்க்க முடியாது என்று புலம்பியபோது, ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம் காபித் தோட்டம் வைத்திருக்கும் மாமா, "ஷெட்டு சும்மாதானே கிடக்குது, கொண்டாந்து போட்டுக்கோங்க" என்றார். சொல்வது சுலபம். ஜீப் 1,100 கிலோ, டிரெய்லர் 400 கிலோ, இந்த 1,500 கிலோவையும் பின்னால் மாட்டிக்கொண்டு அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும்.

முதல் வெள்ளோட்டம் ஒரு ராத்திரி, வீட்டிலிருந்து கொண்டலாம்பட்டி பைபாஸ் வரைக்கும்தான். எதிரில் வந்தவர்கள் எல்லாரும் ஹைபீம் அடித்தார்கள், ஒரு லாரிக்காரர் கண்ணாடியை இறக்கித் திட்டிவிட்டே போனார். நான் டிம்மில்தான் போய்க்கொண்டிருந்தேன். ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால் வண்டி பின்னால் உட்கார்ந்து மூக்கைத் தூக்கி வானத்தைப் பார்க்கிறது, ஸ்டியரிங்கும் பஞ்சு மாதிரி இருந்ததற்குக் காரணம் அப்போதுதான் உறைத்தது. மறுநாள் டேப் வைத்து அளந்தேன், சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை: பின்னால் 65 மில்லிமீட்டர் இறக்கம், முன்னால் 15 மில்லிமீட்டர் ஏற்றம்.

பட்டை தளர்ந்துவிட்டது, வேறென்ன என்று நேராகப் பட்டறைக்குப் போனேன். பின்பக்கம் ஒரு பக்கத்துக்கு 5 பட்டை, எல்லாம் 8 மில்லிமீட்டர் கனம். எனக்கு 10 மில்லிமீட்டரில் புது செட்டே போட ஆசை. மேஸ்திரி சிரித்தார். "வேண்டாமுங்க தம்பி, காலியா போறப்ப முதுகு என்னாவும்னு யோசிச்சீங்களா? ஒரு பட்டை சேர்த்திக்கலாமுங்க, போதும்." அவர் சொன்னதுதான் சரி. பட்டையின் விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் (கனம் × கனம் × கனம்) ஏறும். 8 மில்லிமீட்டரை 10 ஆக்கினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதே கனத்தில் ஐந்தோடு ஒன்று சேர்த்தால் சுமார் 20 சதவீதம்தான் கூடும். தினம் காலியாக ஓடுகிற வண்டிக்கு அது தாராளம்.

கழற்றும் வேலைதான் பாதி நாளைத் தின்றது. பட்டையை ஆக்சிலோடு சேர்த்துப் பிடிக்கிற யூ போல்ட் நான்கில் மூன்றுக்கு நட்டு துருவேறி அசையவில்லை, கேஸ் வைத்து அறுக்க வேண்டியதாயிற்று (எப்படியும் பழைய யூ போல்ட்டைத் திரும்ப மாட்டக்கூடாது, இழுபட்டு நீண்டிருக்கும்). பட்டையின் முனை சேசிஸோடு சேருகிற இடத்து ரப்பர் வளையமான ஷேக்கிள் புஷ்ஷை மேஸ்திரி என் உள்ளங்கையில் வைத்தார். வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டை முட்டை வடிவத்தில் இருந்தது, ரப்பர் ஒரு பக்கம் காகிதம் மாதிரி மெலிந்து நகத்தில் உரிந்து வந்தது. வளைவில் பின்பக்கம் ஒரு நொடி தாமதமாக வருகிற மாதிரி எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது இதனால்தான் போல. புது புஷ், புது சென்டர் போல்ட், யூ போல்ட், பட்டைகளுக்கு நடுவே கிராஃபைட் கிரீஸ், கூலி எல்லாம் சேர்த்து 9,000 சொச்சம்.

வண்டி இப்போது காலியாக நிற்கும்போது பின்னால் முன்பைவிட 30 மில்லிமீட்டர் கூடுதல் உயரம். டிரெய்லர் மாட்டினால் பழைய காலி உயரத்தைவிட 25 மில்லிமீட்டர்தான் இறங்கியது, ஹெட்லைட் ரோட்டைப் பார்த்தது. நானும் சந்தோஷமாக இருந்தேன், இரண்டு நாள்.

மூன்றாம் நாள் சீலநாயக்கன்பட்டி பக்கம் டிரெய்லர் இல்லாமல் பிரேக் அடித்தபோது மூக்கு குப்புற விழுந்தது, பின் சக்கரம் சும்மா உருண்டுவந்த மாதிரி ஒரு உணர்வு. அடியில் படுத்துப் பார்த்தேன். பின் ஆக்சிலிலிருந்து சேசிஸில் இருக்கும் ஒரு வால்வுக்கு மெல்லிய கம்பி ஒன்று போகிறது. வண்டி சுமையில் இறங்கினால் கம்பி தள்ளும், பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். காலியாக உயர்ந்து நின்றால் குறையும். நான் பின்பக்கத்தை 30 மில்லிமீட்டர் தூக்கி வைத்துவிட்டேன், வால்வுக்கு அது எப்படித் தெரியும்? வண்டியில் ஒன்றுமே இல்லை என்று நினைத்து அழுத்தத்தை அடக்கியிருக்கிறது. பட்டை போடுகிற பலர் இந்தக் கம்பியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மேஸ்திரியிடம் திரும்பப் போய், புது உயரத்துக்குத் தக்கபடி கம்பியைச் சரிசெய்துகொண்டேன்.

அப்புறமும் டிரெய்லர் மாட்டினால் ஸ்டியரிங் பஞ்சுதான். அது ஏன் என்று புரியாமல் ஆத்தூர் ரோட்டில் ஒரு சேகோ ஆலை எடை மேடைக்குப் போனேன், மரவள்ளி லோடுகளுக்கு நடுவே எங்கள் ஜீப்பைப் பார்த்து அங்கிருந்தவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. பிக்கப் தனியாக: முன் ஆக்சில் 900, பின் ஆக்சில் 780. டிரெய்லர் மாட்டியபின் முன்னால் 810, பின்னால் 1,090. டிரெய்லரைக் கழற்றி அதன் மூக்கை (பிக்கப் கொக்கியில் உட்காரும் முனையை) மட்டும் மேடையில் வைத்தால் 220 கிலோ. கணக்கு நேராக வருகிறது. கொக்கி பின் ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் பின்னால், இரண்டு ஆக்சிலுக்கும் இடைவெளி 3 மீட்டர். கடப்பாரையால் கல்லை நெம்புகிற அதே சமாசாரம்: பின் சக்கரம் அடிக்கல், கொக்கியில் அமுக்கினால் முன்பக்கம் எழும்பும். 220 கிலோ அமுக்கினால் முன்னால் 88 கிலோ காணாமல் போகும். நான் பட்டை போட்டு உயரத்தைத்தான் திருப்பிக் கொண்டுவந்தேன். முன் சக்கரத்தின் எடை திரும்பவே இல்லை. இன்னும் நாலு பட்டை அடுக்கினாலும் திரும்பாது.

மருந்து டிரெய்லர் மேல்தான் இருந்தது. ஜீப்பை 15 சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளிச் சங்கிலி கட்டினோம். மூக்கு எடை 165 கிலோ ஆனது, மொத்தத்தில் 11 சதவீதம். முன்னால் 830, பின்னால் 1,010. இன்னும் தள்ளினால் இன்னும் லேசாகுமே என்றான் மச்சான். 10 சதவீதத்துக்குக் கீழே போனால் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கலாம், அதற்கு நான் தயாரில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிறு விடிகாலை 5 மணிக்கு அடிவாரம் தாண்டினோம். டிரெய்லருக்குத் தனிப் பதிவு, ஆர்.சி. எல்லாம் கையில் வைத்திருந்தேன், இதில் ஏமாற்று வேலை வேண்டாம். பெரும்பாலும் இரண்டாம் கியர், வளைவில் ஒன்று. டிரெய்லர் சக்கரம் உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும் என்பதால் வளைவுகளை வெளிப்பக்கமாக அகலமாக எடுக்க வேண்டும், எதிரில் பஸ் வந்தால் அந்த அகலம் கிடைக்காது, ஏழாவது வளைவில் அப்படி ஒரு பஸ்ஸுக்காக நின்று திரும்ப எடுத்தபோது கிளட்ச் வாசனை மூக்கில் ஏறியது. ஆனால் ஸ்டியரிங் கைக்கு அடங்கி வந்தது, திருப்பின இடத்துக்குத் திரும்பியது. நின்ற இரண்டு நிமிடத்தில் ஒரு குரங்கு ஜீப் பானட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது, அடுத்த வளைவு வரை இறங்கவேயில்லை.

நாகலூர் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக யூ போல்ட்டை ஸ்பானர் போட்டுப் பார்த்தேன், நான்கும் கால் சுற்று முறுக்கு வாங்கியது. 500 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். இறங்கும்போது காலி டிரெய்லர்தான், பிரச்சினை இல்லை. அதில் இருப்பது பிக்கப் வேகம் குறைக்கும்போது முட்டிக்கொண்டு வருகிற அழுத்தத்திலேயே பிடிக்கிற பிரேக். லோடோடு மலை இறங்கினால் 20 வளைவும் பிடித்தபடியே வந்து டிரம் கொதித்துவிடும். அதனால் ஜீப் எப்போது கீழே வந்தாலும் சொந்த எஞ்சினில்தான் வர வேண்டும் என்று மச்சானிடம் சொல்லியிருக்கிறேன். கார்புரேட்டருக்கு இன்னும் கேஸ்கெட் கிடைக்கவில்லை.