ஒருவழியாக இம்பெல்லர் மாற்றியாச்சு

படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு இஞ்சினுக்குள் கடல் தண்ணீரை உறிஞ்சிக் குளிர்விக்கும் பம்பின் ரப்பர் இறக்கைச் சக்கரம்தான் இம்பெல்லர். மாற்றியதும் இஞ்சின் பக்கவாட்டுத் துளையில் தண்ணீர் மறுபடி விறுவிறுவென்று பீச்சுகிறது. பரங்கிப்பேட்டை வரை போய்த் திரும்பினால் கடைசியில் சொட்டுச் சொட்டாக ஆகிவிடும் நிலையில் இருந்த 15 எச்பி டூ ஸ்ட்ரோக் இது. துறைமுகத்து மெக்கானிக், "தூண்டில் நரம்பைத் துளைக்கு உள்ள விட்டுக் குடைஞ்சா போதும் தம்பி, இதுக்குப் போய் கழட்டுவாங்களா?" என்றார். குடைந்ததில் உப்புத்தான் உதிர்ந்தது.

கடலூர் முகத்துவாரத்தில் மணல் ஏறியிருக்கும் காலத்தில் ஆழமில்லாத பக்கம் ஓட்டினால் பம்ப் மணலையும் சேர்த்துத்தான் உறிஞ்சும். ரப்பர் இறக்கை எத்தனை நாள் தாங்கும்?

பம்பை எட்ட, இஞ்சினின் அடிப்பகுதியான கியர்கேஸைக் கழற்றணும். அதன் போல்ட் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அலுமினிய உடம்பில் ஸ்டெயின்லெஸ் போல்ட், நடுவில் உப்புத் தண்ணீர். வெள்ளைப் பொடி கட்டி இறுகிவிட்டது. ராத்திரி முழுக்க எண்ணெயில் ஊறவிட்டு, காலையில் சூடு காட்டி, முதலில் இறுக்கும் பக்கம் லேசாக அசைத்து, அப்புறம் தளர்த்தினால் வந்துவிடும். அவசரப்பட்டால் தலை முறியும்.

பழைய இம்பெல்லரின் இறக்கைகள் ஒரே பக்கம் சாய்ந்து, விரலால் நிமிர்த்தினாலும் நாய்வால் மாதிரி திரும்ப வளைந்துகொண்டன. ஒன்றின் நுனியைக் காணோம். அது மேலே போய் நீர்வழியில் உட்கார்ந்துகொண்டால் புது இம்பெல்லர் போட்டும் பிரயோஜனமில்லை. தேடிப் பார்த்ததில், தண்ணீரை மேலே கொண்டுபோகும் செப்புக்குழாயின் வாயிலேயே நின்றிருந்தது. நல்ல காலம்.

உண்மையான ரோதனை திரும்ப மாட்டுவதில்தான். இம்பெல்லரைச் சுழல் தண்டான ஷாஃப்ட்டோடு பூட்டும் பிறைச் சாவி விழாமலிருக்க ஒரு பொட்டு கிரீஸ். இறக்கைகளுக்குச் சோப்புத் தண்ணீர் மட்டும், பெட்ரோலிய கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிவிடும். ஷாஃப்ட்டைக் கடிகாரச் சுற்றில் திருப்பிக்கொண்டே பம்ப் கூட்டை அழுத்தினால் இறக்கைகள் சரியான பக்கம் மடியும். இதுவரை சுலபம். கியர்கேஸைத் தூக்கும்போது ஷாஃப்ட் மேலே பல்லில் சேரணும், கியர் கம்பி இணையணும், செப்புக்குழாய் ரப்பர் வளையத்துக்குள் இறங்கணும், எல்லாம் ஒரே நேரத்தில். குழாய் மட்டும் வெளியே நின்றாலும் போல்ட்டெல்லாம் ஒழுங்காக மூடிக்கொள்ளும், வெளியே எதுவுமே தெரியாது. தண்ணீர் மட்டும் ஏறாது. டார்ச் அடித்துக் குழாய் நுனியைக் கண்ணால் பார்க்காமல் தூக்கவே கூடாது. பல் சேராவிட்டால் கியரில் போட்டு புரொப்பெல்லரை மெல்லத் திருப்பினால் 'டக்' என்று உட்காரும். ஷாஃப்ட்டின் உச்சியில் கிரீஸ் வைக்காதீர்கள், அது அடைத்துக்கொண்டு முழுசாக ஏறவிடாது. பக்கவாட்டுப் பற்களுக்கு மட்டும் போதும்.

பாகம் வாங்குவதில் ஒரு எச்சரிக்கை. முதலில் கிடைத்த மலிவு இம்பெல்லரை விரலில் மடக்கிப் பார்த்தாலே பிளாஸ்டிக் மாதிரி விறைப்பு. திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரிஜினலுக்குச் சொல்லி வரவழைத்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் பட்டறைப் பக்கம் போகாதீர்கள், விசைப்படகு வேலை குவிந்திருக்கும்.

டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி ஓட்டித்தான் சோதித்தேன். வறட்டு ஓட்டம் ஓட்டினால் புது ரப்பரும் கொஞ்ச நேரத்தில் கருகிவிடும். அடுத்த நீளப் பயணம் புதுச்சேரி தேங்காய்த்திட்டு வரை. அதற்கு ஒரு உபரி இம்பெல்லர், ஸ்பார்க் பிளக், பிறைச் சாவி எல்லாம் டப்பாவில் போட்டாச்சு. சூட்டுக்கேற்பத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டின் மூடிதான் இன்னும் திறக்கவில்லை. அதன் போல்ட்டுகளும் இப்போது எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கின்றன.