ஒற்றியூரில் கவசம் திறந்தபோது

திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயிலின் மூலவரான ஆதிபுரீசுவரர் புற்று வடிவானவர். மண்ணாலான திருமேனி என்பதால் ஆண்டு முழுவதும் கவசம் சாத்தியே வைத்திருக்கிறார்கள். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள்கள் மட்டும் அந்தக் கவசத்தைக் களைந்து, புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்தி, சுவாமியை உள்ளபடியே காண விடுகிறார்கள். அந்த மூன்று நாள்களில் தண்டையார்பேட்டை, மணலி, எண்ணூர் என்று வடசென்னையே அங்கு திரண்டுவிடும். தேரடி மெட்ரோ நிலையத்தில் இறங்கி, கல்லூரியில் இயற்பியல் படிக்கும் என் மகளோடு நானும் தர்ம தரிசன வரிசையில் நின்றேன்.

வரிசை நகராமல் நின்ற ஓரிடத்தில் அவள் கேட்டாள்: "அப்பா, புற்று கரையான் கட்டினதுதானே? அது தெரிஞ்சும் உங்களால எப்படிக் கும்பிட முடியுது?"

நான் வாய் திறப்பதற்குள் எங்களுக்கு முன்னால் நின்ற பெரியவர் திரும்பினார். "அப்படிச் சொல்லக் கூடாது பாப்பா. இந்த இடத்துல பூமிக்கு அடியில ஒரு காந்த சக்தி இருக்கு. வெளிநாட்டு விஞ்ஞானிங்களே ஒத்துக்கிட்டாங்க."

"யார் அளந்தாங்க ஐயா? எவ்வளவு இருந்துச்சு?" என்று அவள் கேட்டது கேலியாக அல்ல, தெரிந்துகொள்ளத்தான். அவரிடம் பதில் இல்லை. அவர் முகம் வாடியது எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் கேள்வி நியாயமானது. கோயில்களைப் பற்றி இப்போது எங்கும் இப்படித்தான் பேசுகிறார்கள்: கலசம் இடிதாங்கி, கருவறை மின்காந்தக் கூடம், மணியோசை மூளைக்கு மருந்து. பக்தியை வளர்ப்பதாக எண்ணிச் சொல்லப்படும் இந்தப் பேச்சு, பக்திக்கு அறிவியலிடம் சான்றிதழ் வாங்கித் தர முயல்கிறது. அளந்து பார்க்கும் ஒரு பிள்ளை நாளை அந்தச் சான்றிதழ் போலி என்று கண்டுபிடித்தால் அவளிடமிருந்து கோயிலையும் சேர்த்துப் பறித்துவிடுகிறது. அதனால் இதை நான் சிறிய பிழையாக நினைக்கவில்லை.

நான் அவளிடம் சொன்னேன்: "கரையான் மண்ணையும் எச்சிலையும் குழைத்துக் கட்டினதுதான்மா. தெரிஞ்சுதான் கும்பிடறேன்."

இந்த ஊரின் கலிய நாயனார் நினைவுக்கு வந்தார். சக்கரப்பாடியில் செக்காட்டும் குலத்தில் பிறந்த அவர், கோயிலின் உள்ளும் புறமும் திருவிளக்கு ஏற்றுவதையே தொண்டாகக் கொண்டவர் என்று பெரியபுராணம் சொல்கிறது. செல்வம் தீர்ந்து, கூலிக்குச் செக்கோட்டி, அதுவும் போய், எண்ணெய்க்கு வழியற்ற நாளில் தம் இரத்தத்தையே அகலில் வார்க்கத் துணிந்தார். இறைவன் கையைப் பிடித்துத் தடுத்தார். அவர் துணிவைப் பற்றியே எப்போதும் பேசுகிறோம். எனக்கோ இன்னொன்றும் தோன்றுகிறது. விளக்கு எண்ணெயால்தான் எரிகிறது என்பதைச் செக்கோட்டியைவிட நன்றாக அறிந்தவர் யார்? எண்ணெய் இல்லாமலேயே சுடர் எரியட்டும் என்று அவர் வேண்டவில்லை. எரியும் வழியை நன்கறிந்திருந்தார். யாருக்காக எரிய வேண்டும் என்பதில்தான் அவருடைய பக்தி இருந்தது.

சன்னதியில் நின்றது சில நொடிகள்தான். தைலத்தில் கறுத்து மின்னிய திருமேனியைக் கண்டதும் கை தானாகக் குவிந்தது. அதற்கு மேல் அதை விவரிக்க எனக்குத் தெரியாது.

பிராகாரத்தில் 27 நட்சத்திரங்களுக்கும் தனித்தனி லிங்கங்கள் இருக்கின்றன. அவரவர் நட்சத்திர லிங்கத்தின் முன் விளக்கேற்றி வழிபடுவது வழக்கம். என்னுடையது திருவாதிரை, சிவபெருமானுக்கே உரிய நட்சத்திரம். வானில் வேட்டைக்காரன் உருவத்தின் தோளில் சிவப்பாகத் தெரிகிற அதே விண்மீன், 500 ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இருக்கும் செம்பெருமீன், அதாவது மிகப் பெரிதாகப் பருத்துச் சிவந்த விண்மீன். 2019ஆம் ஆண்டின் இறுதியில் அது திடீரென மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரிக்குள் வழக்கமான ஒளியில் பாதிக்கும் மேல் இழந்தது. வெடிக்கப் போகிறதோ என்றுகூடப் பேசினார்கள். அந்த விண்மீனே உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசியாகி நம் பார்வையை மறைத்தது என்று பின்னர் வானியலாளர்கள் விளக்கினார்கள். அந்த நாள்களில் நான் மாடியிலிருந்து அதைப் பார்த்துக் கலங்கியிருக்கிறேன். விளக்கம் வந்தபோது மகிழ்ந்தேன். தூசி என்று தெரிந்ததால் திருவாதிரை லிங்கத்தின் முன் நான் ஏற்றும் அகலில் ஒரு சொட்டு எண்ணெயும் குறையவில்லை.

ஆதிபுரி என்ற பெயருக்கான தலபுராணம், பிரளய வெள்ளம் விலகி உலகில் முதலில் தோன்றிய ஊர் இதுவே என்கிறது. உடனே "பெருவெடிப்பை நம் முன்னோர் அன்றே சொன்னார்கள்" என்று கிளம்பும் ஆர்வத்தை நான் அறிவேன். அப்படிச் சொல்ல விரும்புகிறவர்கள் ஜார்ஜ் லெமெட்ரைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டும். பெருவெடிப்புக் கொள்கைக்கு வித்தாக, விரிவடையும் பிரபஞ்சத்தை 1927இல் கணக்கிட்டுச் சொன்ன அந்த பெல்ஜிய இயற்பியலாளர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ், அந்தக் கொள்கை படைப்பை உறுதிப்படுத்துவதுபோலப் பேசியபோது, அதிகம் சங்கடப்பட்டவர் லெமெட்ரேதான். தம் கொள்கை சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அது நம்பிக்கைக் குறைவா? என் கண்ணுக்கு நம்பிக்கையின் முதிர்ச்சியாகத்தான் தெரிகிறது.

இறைவன் வெள்ளத்தை ஆணையிட்டு விலக்கிய ஊர் என்று புராணம் சொல்லும் இதே ஊரில் கடல் இன்று உள்ளே வந்துகொண்டிருக்கிறது. கோயிலிலிருந்து கிழக்கே நடந்து, கசக்கும் பேய்க்கரும்பு இனித்த இடமென்று பட்டினத்தார் தங்கிவிட்ட கடற்கரைச் சமாதிக்குப் போனோம். கரை நெடுகக் கருங்கற்கள் கொட்டியிருக்கிறார்கள். இந்தக் கடலோரத்தில் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். 1870களின் நடுவில் சென்னைத் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர்கள் கட்டத் தொடங்கிய பிறகு அந்த மணல் தெற்கே தேங்கியது, மெரினா அகன்றது, ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை அரிக்கப்பட்டது. மீனவர் குப்பங்கள் வீடுகளை இழந்தன. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்தடுப்பான தூண்டில் வளைவு கேட்டு அவர்கள் போராடியதும், கற்களைப் போட்டதும் இதனால்தான். "கடலை ஈசன் தடுப்பார்" என்று அந்தக் குடும்பங்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது. மணலின் போக்கை அறிந்தவர்தான் அங்கே வேண்டும்.

அந்தத் துறைமுகத்தின் கணக்குப் பிரிவில்தான் 1912இல் சீனிவாச ராமானுஜன் எழுத்தராகச் சேர்ந்தார். துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங், அங்கு மணல் நகர்வதை ஆராய்ந்து எழுதிய பொறியாளர். ராமானுஜனோ நாமக்கல் நாமகிரித் தாயாரே தமக்குச் சூத்திரங்களை அருளுவதாக நம்பியவர். 1913 ஜனவரியில் அவர் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்தைப் பற்றிப் பேசும்போது நாம் ஒன்றை விட்டுவிடுகிறோம்: பகா எண்களைக் குறித்து அவர் கூறியவற்றில் சில தவறாக இருந்தன. தாயார் தந்தது என்பதற்காக ஹார்டி அவற்றை ஏற்கவுமில்லை. தவறு என்று தெரிந்ததற்காக ராமானுஜன் தாயாரைக் கைவிடவுமில்லை. சரியானவை நிறுவப்பட்டு நின்றன, தவறானவை நீங்கின.

இதைச் சொன்னபோது என் மகள், "சந்திரசேகருக்குக் கடவுள் நம்பிக்கையே கிடையாதே அப்பா" என்றாள். உண்மைதான். 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்களான வெண்குறுமீன்களின் நிறைக்கு வரம்பு உண்டென்று கணக்கிட்ட சுப்பிரமணியன் சந்திரசேகர் தம்மை நாத்திகர் என்றே சொல்லிக்கொண்டவர். அவர் கணக்கும் சரியாகவே வந்தது. சரியான கணக்குக்குக் கடவுள் நம்பிக்கை தேவையில்லை, தடையுமில்லை என்று அவளிடம் ஒப்புக்கொண்டேன். ஞான சக்தியாக வழிபடப்படும் வடிவுடையம்மன் சன்னதிக்குத் திரும்பியபோது அவளும் உடன் வந்தாள். கும்பிடுவதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும். யாரும் அளக்காத ஒரு காந்த சக்தியைக் காட்டி அவளை அங்கே நிற்க வைக்க மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன்.