மேரி கோமும் எங்கட அனுஷாவும்

2024 மார்ச் 3, ஞாயிறு, வெள்ளவத்தை

தங்கச்சி பொக்சிங் பிரக்டிஸ் முடிஞ்சு வந்து ஹோலுக்குள்ள இருந்து கையில சுத்தின துணிய அவிழ்த்தா, பெருவிரல்ல கொழுவி மணிக்கட்டச் சுத்தி விரல் இடுக்கெல்லாம் போய்த் திரும்ப மணிக்கட்டுக்கே வாற நீட்டுத் துணி, வேர்வையில ஊறிக்கிடந்தது, விரல் மொளியெல்லாம் சிவப்பு. அந்த நேரம் பாத்து மேல்மாடி அன்ரி வந்து "மூஞ்சி கீஞ்சி உடைஞ்சா ஆர் பிள்ளை கட்டுவினம்" எண்டா. அம்மா ஒண்டும் கதைக்கேல்ல, துணிய எடுத்துக்கொண்டுபோய்த் தோய்ச்சுப் போட்டா. எனக்கு அது காணும்.

மார்ச் 5, செவ்வாய்

இந்தியாவின்ர பொக்சர் மேரி கோம் எண்டா எல்லாரும் 2012 லண்டன் ஒலிம்பிக் வெண்கலத்தைத்தான் சொல்லுவினம். அதுக்கு முதலே 2002, 2005, 2006, 2008, 2010 எண்டு ஐஞ்சு தரம் உலக சாம்பியன் ஆனவ, அதில 2008 தங்கம் ரெட்டைப் பிள்ளையள் பிறந்தாப் பிறகு எடுத்தது! மணிப்பூர்ல ஏழை விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. பெண்கள் பொக்சிங்கை ஒலிம்பிக்கில சேர்த்ததே 2012லதான், அதுவும் மூண்டே மூண்டு எடைப்பிரிவு, ஆகக் குறைஞ்சது 51 கிலோ. 46, 48 கிலோவில வெண்டுகொண்டிருந்த மனுசி எடையைக் கூட்டித் தன்னைவிடப் பெரிய ஆக்களோட அடிபட்டுத்தான் அந்த வெண்கலம் வந்தது. திறமை எப்பவோ இருந்தது, மேடை குடுக்கத்தான் உலகத்துக்கு அவ்வளவு காலம் எடுத்திருக்கு.

மார்ச் 8, வெள்ளி

சிவராத்திரி. பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலுக்குப் போயிட்டு வந்து, நித்திரை முழிக்கோணுமே எண்டு தங்கச்சியோட விடிய விடிய பொக்சிங் கதைதான். 2018 கோல்ட் கோஸ்ட் பொதுநலவாய விளையாட்டில 48 கிலோ அரையிறுதி, ஒரு மூலையில மேரி கோம், மற்ற மூலையில எங்கட நாட்டு அனுஷா கொடித்துவக்கு! ஐஞ்சு நடுவரும் மேரிக்குத்தான் குடுத்தவை, 5-0. பிறகு மேரி தங்கமும் எடுத்தவ. ஆனா அரையிறுதிக்கு வந்து தோத்தாலும் பொக்சிங்கில வெண்கலம் உண்டு, அதால அனுஷாவும் பதக்கத்தோடதான் கொழும்புக்கு வந்தவ.

"மேரி கோமோட மூண்டு ரவுண்டும் நிண்டவவா அக்கா?" எண்டு தங்கச்சி எழும்பி இருந்திட்டா. ஓமடி, நிண்டவ.

பாருங்கோ, மேல்மாடி அன்ரிக்கே மேரி கோமைத் தெரியும். அனுஷாவ எங்கட ரோட்டில ஆருக்குத் தெரியும்? சரியான கவலையா இருக்கு.

மார்ச் 10, ஞாயிறு

பழைய மாணவியர் கூட்டம். பரிசளிப்பு விழாவுக்கு ஆரைக் கூப்பிடுறது எண்டு கதை வந்தது, வழமைபோல டொக்டர்மார், ஒரு கிரிக்கெட் பிளேயர் எண்டு பேர் போகுது. நான் எழும்பி அனுஷாட பேரைச் சொன்னன். "அது ஆர்?" எண்டு கேட்டவை, கோல்ட் கோஸ்ட் கதைய முழுசாச் சொன்னன், ரெண்டு மூண்டு பேர் ஃபோன்ல தேடியும் பாத்தவை. பாப்பம் எண்டு சொல்லியிருக்கினம். அடுத்த கூட்டத்திலயும் நான் விடமாட்டன், கடிதத்த நானே எழுதித் தாறன் எண்டும் சொல்லிப்போட்டன்.