அஞ்சுலயும் ஆறுலயும் மட்டும் ஆட்டம்

4 மார்ச் 2025, செவ்வாய்
பம்ப் கவர்ல பேரிங் அழுத்துற மெஷின்ல இன்னைக்கும் ரிஜெக்ட். சுத்துற டேபிள்ல எட்டு ஸ்டேஷன், ஒவ்வொண்ணுலயும் பீஸைப் புடிக்க ஒரு ஃபிக்ஸ்சர். பேரிங் கோணலா ஏறுது. காலைலருந்து பிரஸ் சிலிண்டரையே கழட்டி மாட்டிட்டு இருந்தோம், சாயங்காலம் ஃபிட்டர் அண்ணன் வந்து ரிஜெக்ட் பீஸையெல்லாம் ஃபிக்ஸ்சர் நம்பர்படி அடுக்கு தம்பின்னார். அடுக்கினா எல்லாமே 5, 6. பிரஸ் கோளாறுன்னா எட்டுலயும்ல வந்திருக்கணும்!

5 மார்ச், புதன்
டேபிள் விளிம்புல டயல் கேஜ் (சின்ன அசைவையும் முள்ளுல காட்டுற அளவி) வச்சு கையால தள்ளிப் பாத்தோம். 5லயும் 6லயும் 0.12 மில்லி ஆடுது, மத்ததுல முள்ளு அசையக்கூட இல்ல. டேபிளை ஒவ்வொரு ஸ்டேஷனா நகத்தி நிறுத்துற இண்டெக்ஸரோட கேட்லாக்ல துல்லியம் 30 ஆர்க் செகண்டுன்னு (ஒரு டிகிரியில 120ல ஒரு பங்கு) இருக்கு, 300 மில்லி ரேடியஸ்ல அது 0.04 தான்.

ஏன் பக்கத்து பக்கத்துல ரெண்டு? எங்க இண்டெக்ஸர்ல டேபிள் தண்டைச் சுத்தி 8 ரோலர், டேபிள் நிக்கிறப்ப கேமோட (மோட்டார் சுத்துற உருளை) ரிப்பை (அது மேல ஓடுற மேடு) ரெண்டு ரோலர் ரெண்டு பக்கமும் கவ்விப் புடிச்சிருக்கும், அதுல ஒண்ணு போச்சுன்னா அது கவ்வுற ரெண்டு ஸ்டேஷன்லயும் ஆட்டம் வந்துரும். ஒரு ரோலர் தான் போயிருக்கு.

ராத்திரி அண்ணன் ஜெனிவா வீல் பத்தி சொல்லிட்டு இருந்தார், சுத்துற ஒரு பின் வீலோட ஸ்லாட்ல மாட்டி அதை விட்டு விட்டு நகத்துற இன்னொரு முறை. நாலு ஸ்லாட்னா பின் ஒரு சுத்துல 90 டிகிரி தான் வீலை நகத்தும், மிச்ச 270 டிகிரியும் வீல் நிக்கும். தியேட்டர்ல ஃபிலிமை செகண்டுக்கு 24 ஃபிரேம் நகத்துனதும் அதே தான். ஆனா பின் ஸ்லாட்டுக்குள்ள போற நொடியே ஒரு உதை விழும், கனமான டேபிள் தாங்காது. கேம்ல அப்படி இல்ல, மெல்லக் கிளம்பி மெல்ல நிக்கிற மாதிரி வளைவை வெட்டிக்கலாம். எனக்கு இது எத்தனை தடவை கேட்டாலும் அழகா இருக்கு.

7 மார்ச், வெள்ளி
பிரிச்சாச்சு. ஒரு ரோலரோட ஊசி பேரிங் நொறுங்கிக் கிடக்கு.

காரணம் நாங்க தான். ஜனவரில அலுமினிய ஃபிக்ஸ்சரை எடுத்துட்டு அதே அளவுல ஸ்டீல் போட்டோம், எடை கிட்டத்தட்ட மூணு மடங்கு, அதுவும் விளிம்புல. அதோட மோட்டார் டிரைவ்ல ஹெர்ட்ஸ் ஏத்தி, டேபிள் ஒரு ஸ்டேஷன் நகர்ற நேரத்தை 0.8 செகண்டுலருந்து 0.6 ஆக்கினேன். நேரம் குறைஞ்சா டார்க் (சுத்துறதுக்கு வேணுங்கிற திருப்பு விசை) ஸ்கொயர்ல ஏறும், கணக்கு போட்டா ஃபிக்ஸ்சர் பங்கு மட்டும் 5 மடங்கு! இதுல டேபிள் பாதி சுத்துல இருக்கறப்ப யாராவது எமர்ஜென்சி அமுக்கினாலோ கதவைத் திறந்தாலோ கேம் சட்டுனு நின்னுரும், டேபிளோட வேகம் முழுக்க அந்த ரோலர் தலையில தான்.

15 மார்ச், சனி
8 ரோலரும் புதுசு. ஃபிக்ஸ்சர் திரும்ப அலுமினியம், பீஸ் உக்கார்ற இடத்துல மட்டும் ஸ்டீல் புஷ். 0.8 செகண்டுக்கே வந்துட்டோம். டேபிள் நின்ன பிறகு தான் கதவு திறக்கற மாதிரி லாக்கும் போட்டாச்சு. 5, 6 ரெண்டுலயும் இப்ப 0.01.

அடுத்த சனிக்கிழமை எட்டு ஸ்டேஷனுக்கும் மறுபடி கேஜ் வைக்கணும்.