அண்ணாச்சி அடித்த இரண்டு சொற்கள்

2010 ஜூன் 23. நெல்லையில் ஒரு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் நான் உதவி ஆசிரியராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. உலகக் கோப்பைக் கால்பந்தில் அன்றிரவு ஜெர்மனிக்கும் கானாவுக்கும் ஆட்டம். ஜோகன்னஸ்பர்க்கில் இரவு எட்டரை என்றால் நமக்கு நள்ளிரவு 12 மணி. வெளியூர்ப் பதிப்புகள் அதற்குள் அச்சுக்குப் போய்விடும். அவற்றுக்கு முன்னோட்டச் செய்தி மட்டும்தான், முடிவு நகரப் பதிப்புக்கு. முன்னோட்டம் எழுதும் வேலை எனக்கு வந்தது.

எழுத நிறையவே இருந்தது. ஜெர்மனிக்கு ஜெரோம் போட்டெங், கானாவுக்கு கெவின்-பிரின்ஸ் போட்டெங். இருவருமே பெர்லினில் பிறந்தவர்கள். அப்பா ஒருவர், கானாக்காரர். அம்மாக்கள் வேறு, இருவரும் ஜெர்மானியர்கள். உலகக் கோப்பையில் சகோதரர்கள் எதிரெதிர் அணிகளில் மோதுவது அதுவே முதல் முறை. ஏஜென்சியிலிருந்து பக்கம் பக்கமாகச் செய்தி கொட்டியது. நான் வேகமாக மொழிபெயர்த்து, 'ஒன்றுவிட்ட சகோதரர்கள் மோதல்' என்று தலைப்பு வைத்து, உள்ளே 'கலப்பின வீரர்களான இவர்கள்' என்று எழுதி, பிரிண்ட் எடுத்து அண்ணாச்சி மேசையில் வைத்தேன். அவர்தான் எங்கள் டெஸ்க்கின் மூத்தவர்.

சிவப்புப் பேனாவால் இரண்டு இடத்தில் அடித்துவிட்டுக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பின்னா யாரு? சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள்லா? இவங்களுக்கு அப்பா ஒருத்தருதானே?"

"ஆமா அண்ணாச்சி."

"அப்போ அண்ணன் தம்பிதான். அப்படியே போடு. அம்மா வேறன்னு உள்ள ஒரு வரி எழுது, போதும்." பேனா முனை அடுத்த சொல்லுக்குப் போனது. "இது மாட்டுக்குப் போடுத வார்த்தைலா? கால்நடை மருத்துவமனை போர்டுல பாத்திருப்பே. மனுசனுக்கு எப்படிப் போடலாம்?"

எனக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் அவர் சொன்னது முழுக்கச் சரி. அந்தச் சொல்லை நான் யோசித்துப் போடவில்லை, கைக்கு வந்தது, போட்டேன். எங்கள் வேலையில் பெரும்பாலான தவறுகள் அப்படித்தான் நடக்கின்றன. 'ஜெர்மானியத் தாய்க்கும் கானா தந்தைக்கும் பிறந்தவர்' என்று மாற்றினேன். நான்கு சொல் கூடியது, கீழே ஒரு வரியை வெட்ட வேண்டியிருந்தது.

12 மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்தோம். கெவின் ஏன் கானாவுக்கு ஆடுகிறார் என்று அண்ணாச்சி கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பெர்லினில் வெடிங் என்ற உழைப்பாளர் பகுதியில் வளர்ந்தவர், ஹெர்த்தா கிளப்பில் கற்றவர், ஜெர்மனியின் 21 வயதுக்குட்பட்டோர் அணி வரை ஆடியவர். 2009இல் அந்த அணி ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது அதில் ஜெரோம் இருந்தார், கெவின் இல்லை. அதே ஆண்டுதான் ஃபிஃபா விதியை மாற்றியது. இளையோர் அணியில் ஒரு நாட்டுக்கு ஆடியவர் வேறு நாட்டுக்கு ஒருமுறை மாறலாம், ஆனால் 21 வயதுக்குள் என்று ஒரு வரம்பு இருந்தது. அந்த வயது வரம்பை எடுத்துவிட்டார்கள். கெவினுக்கு அப்போது 22. அந்த மாற்றம் இல்லையென்றால் அன்றிரவு அவர் மைதானத்தில் இருந்திருக்கவே முடியாது.

அதோடு இன்னொன்றும் இருந்தது. உலகக் கோப்பைக்கு முந்தைய மாதம் இங்கிலாந்து கிளப்புகளுக்கான எஃப்.ஏ. கோப்பை இறுதியில் கெவின் காலை விட்டதில் ஜெர்மனி கேப்டன் பல்லாக்கின் கணுக்கால் போனது. அவர் உலகக் கோப்பைக்கே வர முடியவில்லை. ஜெர்மனியில் கெவினை வசைபாடித் தீர்த்தார்கள். அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை என்றும் செய்தி வந்தது.

60ஆவது நிமிடத்தில் ஒசில் கோல் அடித்தார். அவரும் ஜெர்மனியில் பிறந்த துருக்கியக் குடும்பத்துப் பிள்ளை. 1–0. ஆனாலும் இரண்டு அணிகளுமே அடுத்த சுற்றுக்குப் போயின. பக்கத்தை முடித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனோம்.

அதற்குப் பிறகு போட்டெங் என்ற பெயர் எந்தச் செய்தியில் வந்தாலும் நான்தான் எழுதுவேன் என்று வாங்கிக்கொள்வேன். 2013 ஜனவரியில் இத்தாலியின் புஸ்தோ அர்சிசியோவில் ஒரு நட்பு ஆட்டம். ஏசி மிலனுக்கு ஆடிக்கொண்டிருந்த கெவினைப் பார்த்துக் கூட்டத்தில் ஒரு பகுதி குரங்கு போலக் கத்தியது. அவர் பந்தைக் கையில் எடுத்துக் கூட்டத்தை நோக்கி உதைத்தார், சட்டையைக் கழற்றினார், வெளியே நடந்தார். மொத்த மிலன் அணியும் பின்னாலேயே போனது. ஆட்டம் கைவிடப்பட்டது. பக்கத்தில் ஒரு மூலைச் செய்தியாக இருந்ததை, கேட்டு வாங்கி நாலு பத்தி அகலத்துக்கு ஏற்றினேன். இத்தனை வருடத்தில் நான் மனநிறைவோடு செய்த வேலைகளில் அது ஒன்று.

2014இல் பிரேசிலில் சகோதரர்கள் மீண்டும் எதிரெதிரே ஆடினார்கள், 2–2. ஐந்தே நாளில், பயிற்சியாளரை அவமதித்துப் பேசினார் என்று கெவினைக் கானா முகாமிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு அவர் கானாவுக்கு ஆடவே இல்லை. அந்த ஜூலையில் ஜெரோம் கையில் உலகக் கோப்பை. அண்ணன் தவறாகத் தேர்ந்துவிட்டார், தம்பி சரியாகத் தேர்ந்தார் என்று எழுத எவருக்கும் கை வரும். எனக்கும் வந்தது. எழுதவில்லை. எழுதாமல் விட்டது நல்லதென்று 2016இல் புரிந்தது. ஜெரோமைக் கால்பந்து வீரராக மக்களுக்குப் பிடிக்கும், ஆனால் ஒரு போட்டெங் பக்கத்து வீட்டில் குடியிருப்பதை விரும்ப மாட்டார்கள் என்று, குடியேற்றத்தை எதிர்க்கும் ஜெர்மனியின் ஏ.எஃப்.டி. கட்சித் தலைவர்களில் ஒருவரான கவுலாண்ட் சொன்னார். உலகக் கோப்பையை வென்று தந்தவரைப் பற்றித்தான் இந்தப் பேச்சு. அந்தப் பேச்சு வெளியான அன்றே ஆக்ஸ்பர்க்கில் நடந்த ஜெர்மனி ஆட்டத்தில் ரசிகர்கள் ஒரு பதாகை பிடித்தார்கள்: ஜெரோம், எங்கள் பக்கத்து வீட்டுக்காரராக இரு. அந்தப் படத்தைப் பெரிதாக வைத்தேன்.

அண்ணாச்சி ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது அந்த மேசையில் நான் இருக்கிறேன். 2022 உலகக் கோப்பையில் இனாக்கி வில்லியம்ஸ் கானாவுக்கும் அவர் தம்பி நிக்கோ ஸ்பெயினுக்கும் ஆடினார்கள். இருவரும் ஸ்பெயினில் பிறந்தவர்கள், பெற்றோர் கானாவிலிருந்து சகாராவைக் கடந்து வந்தவர்கள். புதிதாகச் சேர்ந்திருந்த பெண் பிரிண்ட்டோடு வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, இவங்க ரெண்டு பேரையும் எப்படிக் குறிப்பிட?"

"அப்பா, அம்மா ஒண்ணுதானே?"

"ஆமா."

"அண்ணன் தம்பின்னே போடும்மா. அம்மா வேறயா இருந்தாலும் அப்படித்தான் போடணும்."